எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது?

திருப்பூரில், அவினாசி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், வீட்டு மாடியில் பன்னிரண்டு தையல் மெஷின் போட்டிருக்கும் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சலில் பேச முடியாது என்று வெளியே படிக்கட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். கையில் ஒரு டைரி. ஏதோ நூல் கடை புத்தாண்டுக்குக் கொடுத்தது. முன்பக்கங்களில் சாமி படம், ராகு காலம். பின்பக்கங்கள் முழுக்கக் கணக்கு.

முன்பெல்லாம் ஜாப் வொர்க், அதாவது அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குத் தைப்பது, மட்டும் எடுத்துக்கொண்டிருந்தவர், அண்மையில்தான் தானே நூல் வாங்கி உள்நாட்டு ஆர்டர் செய்யத் துணிந்திருக்கிறார். 10,000 டி-ஷர்ட். ஒன்றுக்கு வேஸ்டேஜ் உட்பட 180 கிராம் நூல். ஆக 1,800 கிலோ. நூல் விலைக்குக் கீழே நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று வரிசையாக எழுதி, அடியில் கோடு போட்டு, ஒரு பீஸுக்கு 8 ரூபாய் நிற்கும் என்று வட்டம் போட்டிருந்தார். அந்தப் பக்கம் முழுக்கக் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் அதே கணக்கு மறுபடி முதலிலிருந்து. நூல் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறியிருந்தது. 1,800 கிலோவுக்கு 36,000 ரூபாய். பீஸுக்கு 3 ரூபாய் 60 காசு. எட்டில் ஏறக்குறையப் பாதியை நூலே தின்றுவிட்டது. இதை அவர் கண்டுபிடிப்பதற்குள் போனில் ரேட் பேசி முடித்தாகிவிட்டது.

கான்ட்ராக்டில் தைத்துக்கொண்டிருந்தபோது சில மாதங்களில் இதைவிட அதிகமாகவே சம்பாதித்தாராம். பிறகு ஏன் இந்தத் தலைவலி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அங்கே நான் தைத்தது என்ன ஆனது என்றே எனக்குத் தெரியாதுங்க. இங்கே தெரிகிறது. நஷ்டமானாலும் தெரிகிறது.”

தொழில்முனைவோரை எது உந்துகிறது என்ற கேள்விக்கு நான் கேட்ட பதில்களில் இதுதான் மிகவும் சுருக்கமானது. பணம்தானே என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் கணக்கு அதற்கு ஒத்துழைப்பதில்லை. பார்ட்டன் ஹாமில்டன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சொந்தத் தொழிலில் 10 ஆண்டுகள் இருந்தவர்களின் வருமானத்தை, அவர்கள் அதே காலம் சம்பள வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையோடு ஒப்பிட்டார். நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்குச் சொந்தத் தொழில் 35 சதவீதம் குறைவாகவே தந்திருந்தது. பத்து ஆண்டுகள் ஒருவர் தன் கணக்கைத் தப்பாகவே போட்டுக்கொண்டிருப்பார் என்று நம்ப முடியவில்லை. அந்த 35 சதவீதத்துக்கு அவர் வேறெதையோ வாங்குகிறார்.

வேலை கிடைக்காததால் தொழிலில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் அவர்கள்தான் ஏராளம். 1999 முதல் நாடு நாடாகக் கணக்கெடுத்து வரும் ‘குளோபல் ஆந்த்ரபிரனர்ஷிப் மானிட்டர்’ ஆய்வு, சில ஆண்டுகளாக நான்கு காரணங்களைக் கேட்கிறது: உலகத்தில் ஒரு மாற்றத்தை உண்டாக்க, பெரும் செல்வம் சேர்க்க, குடும்பத் தொழிலைத் தொடர, வேலை அரிதாக இருப்பதால் பிழைக்க. இந்தியாவில் பெரும்பான்மையோர் கடைசிக் காரணத்துக்கும் ‘ஆம்’ சொல்லிவிடுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் ஒருவர் ஏன் கதவைத் திறந்து உள்ளே போனார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. பழைய முதலாளி கூப்பிட்டு மாதச் சம்பளம் தருகிறேன் என்று சொன்ன பிறகும் ஏன் திரும்பிப் போக மறுக்கிறார் என்பதற்கு அதில் விடை இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டேவிட் மெக்லெல்லண்ட் இதற்கு ஒரு விளையாட்டின் வழியாக விடை தேடினார். திருவிழாக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். சோப்பு, பொம்மை மேல் வளையம் எறிவது. மெக்லெல்லண்டும் அவரைச் சேர்ந்தவர்களும் ஒரு குச்சியை நட்டு, வளையங்களைக் கொடுத்து, எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை எறிகிறவர் விருப்பத்துக்கே விட்டார்கள். சிலர் குச்சியை ஒட்டி நின்றார்கள், விழாமல் போகாது. சிலர் வெகுதூரம் போய் நின்றார்கள். விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் தூரத்தின் மேல் பழி. சாதிக்கும் உந்துதல் மிகுந்தவர்கள் என்று பிற சோதனைகளில் தெரிந்தவர்களோ இடைப்பட்ட தூரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முயன்றால் விழும், அசந்தால் தவறும் என்ற தூரம். தன் கைத்திறனுக்கு என்ன விளைவு என்பது அங்கே மட்டும்தான் தெளிவாகத் தெரியும். தொழிலில் இறங்குகிறவன் சூதாடி என்ற நம் ஊர் எண்ணத்துக்கு இது நேர் எதிர். லாபம்கூட இவர்களுக்கு மதிப்பெண் போலத்தான், வளையம் விழுந்ததா இல்லையா என்று காட்டும் குறி, என்பது மெக்லெல்லண்டின் வாதம்.

அவர் இதை ஆய்வுக்கூடத்தோடு விட்டுவிடவில்லை. 1964-இல் ஹைதராபாத்தின் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து, ஆந்திரக் கடலோர ஊரான காக்கிநாடாவின் சிறு வியாபாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பின்னர் போய்ப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் புது முயற்சிகளில் இறங்கியிருந்தார்கள். மரபான நம்பிக்கைகள் தொழிலுக்குக் குறுக்கே நிற்கும் என்ற அன்றைய மேலைநாட்டுக் கருத்தும் அங்கே எடுபடவில்லை. கும்பிடுகிறவர் கும்பிட்டுக்கொண்டே கடையை விரிவாக்கினார். இந்தியாவின் தொழில்முனைவோர் பயிற்சித் திட்டங்கள் பலவற்றுக்கும் மூலம் இந்தக் காக்கிநாடாச் சோதனைதான்.

மெக்லெல்லண்டை முழுதாக ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அவர் எல்லோர் கையிலும் வளையங்களைக் கொடுத்துவிட்டு, எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தார். வாழ்க்கையில் வளையங்கள் அப்படிப் பங்கிடப்படுவதில்லை. பத்து வளையம் வைத்திருப்பவர் இடைத்தூரத்தில் நின்று நான்கைத் தவறவிடலாம். ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் குச்சியை ஒட்டித்தான் நிற்பார். அதைப் பார்த்து, இவருக்கு உந்துதல் போதாது என்று எழுதுவது அநியாயம். நிலம், நகை, உறவுக்காரர் கடன், சாதிக்குள் கிடைக்கும் நம்பிக்கை எல்லாம் சேர்ந்துதான் ஒருவர் கையில் எத்தனை வளையம் என்று முடிவாகிறது.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதை பலருக்கும் தெரியும். ஆனால் அதில் எல்லோரும் பேசும் பகுதியைவிட எனக்கு வேறொரு பகுதி முக்கியம். 1998-இல் திருமணம். மனைவி மாதவிடாய்க்குப் பழந்துணி பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டுத் தானே பஞ்சில் ஒரு நாப்கின் செய்தார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தபோதுதான் சிக்கல் புரிந்தது: ஒரு தடவை எறிந்துவிட்டு, விழுந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு மாதம். சகோதரிகள் மறுத்துவிட்டார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்துக் கருத்துத் தாள் கேட்டார். சிலரே எல்லோருக்குமாக நிரப்பிக் கொடுத்ததைக் கண்டுபிடித்தார். கடைசியில் கால்பந்தின் உள்ளே இருக்கும் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி, இடுப்பில் கட்டிக்கொண்டு, நடந்தும் சைக்கிள் ஓட்டியும் தானே சோதித்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. மனைவியும் தாயும் வீட்டை விட்டுப் போனார்கள். பெரிய நிறுவனங்களின் நாப்கினில் இருப்பது பஞ்சில்லை, மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் என்று தெரிந்துகொள்ள இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2016-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அவரது பிடிவாதத்தைப் புகழ்கிறோம். புகழலாம். அவர் பள்ளியைப் பாதியில் விட்டவர், கம்ப்யூட்டர் இல்லாமலே சாதித்தார் என்று சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கதை நேர்மாறாகப் படுகிறது. ஆட்டு ரத்தச் சோதனையை எந்தக் கம்ப்யூட்டராலும் செய்திருக்க முடியாது. ஆனால் அந்த நாப்கினுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி அவருடைய ஆண்டுகளைத் தின்றது. பெரிய கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் பேசிக் கேட்பதற்கு ஒரு கல்லூரிப் பேராசிரியரின் உதவியை நாட வேண்டியிருந்தது. இன்று தேடத் தெரிந்த ஒருவர் அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்சக் காலத்தை மெஷின் செய்வதில் செலவிடுவார்.

கம்ப்யூட்டர் திறன் தொழிலுக்கு என்ன தருகிறது என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: அது வளையத்தின் விலையைக் குறைக்கிறது. காகிதத்திலும் திரையிலும் தவறவிட்டால் கைக்காசு போகாது. இதைக் காட்டும் பொருள் ஒன்று உண்டு. அலுவலகங்களில் எல்லோரும் அலுத்துக்கொள்ளும் விரிதாள், அதாவது எக்செல் வகையறா.

அது பிறந்தது ஒரு வகுப்பறையில். 1978-இல் ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்துக்கொண்டிருந்தார் டேன் பிரிக்லின். பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் கட்டமாக ஒரு தொழில் கணக்கைப் போடுவார். நடுவில் ஒரு எண் மாறினால், அதைத் தொடரும் எல்லாக் கட்டங்களையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். திருப்பூர் டைரியில் நான் பார்த்ததும் அதேதான். எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக மாறும் பலகை இருந்தால் என்ன என்று பிரிக்லினுக்குத் தோன்றியது. நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து எழுதிய விசிகால்க் 1979-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக வெளிவந்தது. சுமார் 100 டாலர் நிரலுக்காக அதைப்போல் பல மடங்கு விலையுள்ள மெஷினை வாங்கினார்கள் வியாபாரிகள். கணக்கு வேகமாக வருகிறது என்பதற்காக மட்டும் வாங்கியிருந்தால் ஒரு கால்குலேட்டர் போதும். ‘இப்படி ஆனால் என்ன, அப்படி ஆனால் என்ன’ என்று செலவில்லாமல் கேட்டுப் பார்க்க அது இடம் கொடுத்தது. நூல் 20 ரூபாய் ஏறினால்? டையிங்கில் எடை குறைந்தால்? பார்ட்டி பணம் தர 60 நாள் இழுத்தால்? 2022 மே மாதம் நூல் விலையைத் தாங்க முடியாமல் திருப்பூரே இரண்டு நாள் கதவடைத்தது. விரிதாள் அந்த விலையைக் குறைத்திருக்காது. எந்த விலைக்கு மேல் ஆர்டரை விட்டுவிட வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லியிருக்கும். சிறு முதலாளிக்கு அது சின்ன விஷயமில்லை.

இனி பள்ளிக்கு வருவோம். இந்தத் திறனை நாம் எப்படிக் கற்றுக்கொடுத்தோம்?

நான் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பில்லாமல்தான் போக வேண்டும். ஊரிலேயே ஏ.சி. போட்ட அறைகளில் அதுவும் ஒன்று. மானிட்டர்களுக்கு உறை, உறையின் மேல் தூசி. நான்கு பேருக்கு ஒரு மெஷின். விசைப்பலகை முன் உட்காரும் வாய்ப்பு முதல் ரேங்க் எடுப்பவனுக்கு. மற்ற மூன்று பேரும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்போம். எதையாவது அழுத்தினால் ‘கெட்டுப்போய்விடும்’ என்பதுதான் முதல் பாடம். வளையத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

தேர்வு அதற்கும் ஒருபடி மேலே. தமிழ்நாட்டின் பழைய பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் எழுத்துத் தேர்வு 150 மதிப்பெண். அதில் 75 கேள்விகள் ஒரு மதிப்பெண் கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் தொகுதியில் பெரும்பகுதி ஸ்டார் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள். எழுத்தைத் தடிமனாக்க எந்தக் குறுக்கு விசை, எந்தப் பட்டியலுக்குள் எந்தக் கட்டளை என்றெல்லாம் கைடு வாங்கி மனப்பாடம் செய்தோம். அந்த மென்பொருளைத் திறந்தே பார்க்காமல் சென்டம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். விரிதாளில் ஒரு கட்டத்தின் முகவரியை எப்படி எழுதுவது என்று சொல்வார்கள். வீட்டு மளிகைக் கணக்கை அதில் போடச் சொன்னால் விழிப்பார்கள். 2018-இல் பாடத்திட்டம் மாறி, பதினோராம் வகுப்பில் சி++, அடுத்த ஆண்டு பன்னிரண்டில் பைத்தான் என்று நிரல் மொழிகள் வந்தன. பாடப்புத்தகம் கண்டிப்பாக மேம்பட்டிருக்கிறது. கைடுகளும் உடனடியாக மேம்பட்டுவிட்டன.

இதற்கு நேரெதிரான பள்ளிக்கூடம் ஒன்று அதே தெருவில் இருந்தது. யாரும் அதைப் பள்ளிக்கூடமாக மதித்ததில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். காலை ஆறு மணிக்கே தடதடவென்று சத்தம். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், திரும்பவும் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். தப்பு அடித்தால் தாளில் அப்பொழுதே தெரியும். ஆசிரியர் திட்ட வேண்டியதில்லை. விரல் எங்கே தவறியது என்று உனக்கே தெரிகிறது. தாளை மாற்றிவிட்டு மறுபடி அடிக்கிறாய். லோயர் முடித்து ஹையர் போனவர்களில் நகராட்சி அலுவலக வேலைக்குப் போனவர்கள் உண்டு. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டி.டி.பி. சென்டர் திறந்து, கல்யாணப் பத்திரிகையில் தொடங்கிப் பிறகு இ-சேவை மையம் வரை போனவர்களும் உண்டு. சிற்றூர்த் தமிழ்நாட்டில் கம்ப்யூட்டரை வைத்து முதலில் தொழில் செய்தவர்களில் எத்தனையோ பேர் இந்த இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்தவர்கள்தான். பொறியியல் கல்லூரிகள் பிறகுதான் கூட்டத்தில் சேர்ந்தன.

மெஷினைக் கையில் கொடுத்துவிட்டால் போதுமா என்றால், அதற்கும் அனுபவம் இருக்கிறது. தென்னமெரிக்க நாடான பெரு ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் லட்சக்கணக்கான மெஷின்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. கிராமப் பள்ளிகளில் நடந்து 2012-இல் வெளியான மதிப்பீட்டில், கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை. இங்கே தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினி தொடங்கியபோது, பையன்கள் அதில் சினிமா பார்க்கிறார்கள் என்று பெரியவர்கள் புலம்பினார்கள். பார்த்தார்கள்தான். ஆனால் படத்தை இறக்கி, வேறு வடிவத்துக்கு மாற்றி, சப்டைட்டிலைச் சரிசெய்து, பென் டிரைவில் நண்பனுக்கு ஏற்றிக் கொடுத்ததில் அவர்கள் கற்ற கோப்பு நிர்வாகம், அந்த 75 ஒரு மதிப்பெண் கேள்விகளில் கிடைக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. மெஷின் வீட்டுக்கு வந்தது. பள்ளிக்கூடம் அதை வீட்டுப்பாடத்துக்குக்கூடக் கேட்கவில்லை. பிறகு 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி போன்ற கருவி தருவதாக அறிவித்தார்கள். நல்லதுதான். எந்தக் கல்லூரித் தேர்வு அந்தக் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத விடும் என்பதையும் சேர்த்து அறிவித்திருக்கலாம்.

கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் காளிக்குப்பம் சோதனை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. டெல்லி கால்காஜியில் 1999-இல் சுவரில் துளை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்தாரே, அவர்தான். சுனாமி அடித்துப்போட்ட இந்தத் தமிழ்க் கடலோரச் சிற்றூரில், டி.என்.ஏ. பற்றிய ஆங்கிலப் பாடங்களை ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பிள்ளைகளிடம் விட்டார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலே தேர்வு மதிப்பெண்ணில் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து 30 சதவீதம் வரை ஏறினார்கள். பிறகு பாடம் தெரியாத ஓர் இளம்பெண்ணை, பின்னால் நின்று ‘அடடே, இது எப்படி வந்தது?’ என்று கேட்க மட்டும் ஏற்பாடு செய்தார். 50 சதவீதத்தைத் தொட்டார்கள். மித்ராவின் முடிவுகளைக் குறித்து வாதங்கள் உண்டு. ஆசிரியரே வேண்டாம் என்று நீட்டுவது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அந்தப் பெண் செய்த வேலையைப் பாருங்கள். அவள் எறிந்து காட்டவில்லை. எறிவதைக் கவனிக்க ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான்.

நாடு முழுக்க நிலவரம் என்ன? 2023-24 கல்வித் தகவல் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பள்ளிகளில் 57.2 சதவீதத்தில்தான் இயங்கும் கம்ப்யூட்டர் இருந்தது. இணைய வசதி 53.9 சதவீதத்தில். 2020-21 தேசிய மாதிரி ஆய்வில் 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களிடம் கேட்டபோது, ஒரு கோப்பை இணைத்து மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்தவர்கள் நான்கில் ஒருவரைச் சற்றுத் தாண்டினார்கள். கைபேசியில் விரல் பறக்கிற தலைமுறை இது. அடுத்தவர் செய்து வைத்ததைத் தள்ளிப் பார்க்க அது போதும். தானாக ஒன்றைச் செய்து பார்க்கத்தான் கோப்பும் விரிதாளும் வேண்டியிருக்கின்றன.

வழி இல்லாமலில்லை. சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு முன்பு விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு தொடங்கிய பள்ளியில், பிளஸ் டூ முடித்தவர்களைக் கட்டணமின்றிச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்து, நிரல் எழுத வைத்தது, பட்டம் கேட்கவில்லை. ஒரு நிறுவனம் தன் தேவைக்காகச் செய்த ஏற்பாடு அது. அரசுப் பள்ளிகளின் அளவுக்கு அதை விரிக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

திருப்பூர்க்காரரிடம் விடைபெற எழுந்தபோது பி.காம். படிக்கும் அவர் மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். அப்பாவின் டைரிக் கணக்கை அவள் ஏற்கெனவே தன் மடிக்கணினியில் விரிதாளாகப் போட்டு வைத்திருந்தாளாம். அவர்தான் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான் இருந்ததாலோ என்னவோ, அன்று திறந்து காட்டச் சொன்னார். நூல் விலைக் கட்டத்தில் அவள் 20 ரூபாய் கூட்டினாள். அடியில் 8 ரூபாய் என்று இருந்தது 4 ரூபாய் 40 காசு ஆனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. படியிலிருந்து எழுந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மெஷினைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“வேஸ்டேஜ் எந்தக் கட்டம், கண்ணு?”

காட்டினாள். ஒற்றை விரலால் 180-ஐ அழித்தார். 186 என்று அடித்தார். அடியில் பார்த்தார். மறுபடி அழித்து 183 என்று அடித்தார். உள்ளே யாரோ நூல் தீர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். இருங்கள் என்று கையை மட்டும் காட்டினார்.